ஊறவைத்த பந்து

என் மகன் பந்தைத் தலையால் முட்டிய சத்தத்தில் மரக்காணத்து உப்பளம் ஞாபகம் வந்தது. கடற்காற்று அடித்துக்கொண்டு போகாமலிருக்க, சின்ன வயதில் அங்கே ஆட்டத்துக்கு முன் தோல்பந்தை உப்புப் பாத்தித் தண்ணீரில் ஊறவைப்பவன் நான்தான். பந்து கல்லாகக் கனக்கும். நான் கார்னர் அடிப்பேன், அண்ணன் தலையால் கோல் போடுவான்.

"கண்ணு இருட்டுதுடா" என்பான்.

"ஒண்ணும் ஆவாதுண்ணா, இன்னொண்ணு போடுறேன்" என்பேன். கனம் தெரிந்த நான் ஒருநாளும் முட்டியதில்லை.

ஐம்பது வயதிலேயே அண்ணனுக்கு எல்லாம் மறந்துபோகிறது. பந்தை முட்டியதால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஊறவைத்ததை நான் அவரிடம் சொல்லவேயில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து மகனின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், என் பெயர் வராமல் திணறிவிட்டுச் சிரித்தான். "ஏம்பா, எனக்குக் கார்னர் போடுறவன்தானே நீ?"