இடக்கைக் குருசு

அடுத்தவன் செதுக்கிய பலகையில் உளி வைக்கிறவன் கையை ஒடிக்க வேண்டும். அன்றைக்கும் இதைத்தான் சொன்னேன். இன்றைக்கும் இதைத்தான் சொல்வேன். உளி வைத்தவர் என் தாய்மாமா, வைக்கச் சொன்னவள் என்னைப் பெற்றவள் என்பதற்காக நியாயம் மாறிவிடுமா?

யுத்த காலம். சென்னையில் ஓவியப் பள்ளியில் நான் மரப்பலகை அச்சு படித்துக்கொண்டிருந்தேன், கடைசி வருஷம். பலகையில் படத்தைச் செதுக்கி, மேடாக நிற்கும் இடத்தில் மை தடவி, காகிதத்தை வைத்து அழுத்தி எடுக்கிற வேலை. "இதப் படிச்சா என்னலே வேல கெடைக்கும்?" என்று கேட்காத ஆள் தூத்துக்குடியில் இல்லை. துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு எழுத ஆள் எடுக்கிறார்கள் என்று மாமா பார்க்கும்போதெல்லாம் சொல்வார். பரீட்சைக்கு நாமே வரைந்து நாமே செதுக்கிய பெரிய பலகை ஒன்று கொண்டுபோக வேண்டும். அது தேறாவிட்டால் படிப்புக்கு முழுக்குதான். மூட்டை எண்ணப் போக வேண்டியதுதான்.

விடுமுறைக்கு வந்து வீட்டில் வைத்துச் செதுக்கினேன். அப்பாவைச் செதுக்கினேன். அப்பா சங்கு குளிக்கிறவர். முத்துக்குளிப்பு நின்று வெகுகாலம் ஆகியிருந்தது; சங்குதான் எங்களுக்குச் சோறு போட்டது. நான் சிறுவனாக இருந்தபோது ஒருநாள் குதித்தவர் மேலே வரவில்லை. நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. உடல் கிடைக்கவில்லை, கல்லறை இல்லை, சாகிறவருக்குப் பூசும் எண்ணெயைச் சாமியார் வந்து பூசவும் இல்லை. வள்ளத்தில் கயிறு பிடித்தவர் வந்து அம்மாவிடம் சொன்ன ஒரு வார்த்தைதான் மிச்சம்: "குருசு போட்டுட்டுத்தான் குதிச்சாரு." நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை வரைவதைத்தான் எங்கள் கரையில் அப்படிச் சொல்வோம். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா அத்தனை வருஷமும் பூசைக்குப் போய்வந்தாள். அவர் மோட்சம் போனார் என்பதற்கு அவளுக்கு வேறு சாட்சி கிடையாது.

அந்த நொடியைத்தான் செதுக்கினேன். வள்ளத்தின் விளிம்பில் அப்பா நம்மைப் பார்த்தபடி நிற்கிறார். ஒரு கை நெற்றியில். மறு கை கயிற்றைப் பிடித்திருக்கிறது. அச்சில் வலது இடதாகும், இடது வலதாகும். காகிதத்தில் வலது கை நெற்றிக்குப் போக வேண்டுமானால் பலகையில் இடது கையைத்தான் தூக்க வேண்டும். முதல் வருஷப் பையனுக்கும் தெரிந்த பாடம் இது. அம்மாவிடமும் சொன்னேன். முகம் பார்க்கும் கண்ணாடியைப் பலகைக்கு எதிரே பிடித்துக் காட்டியே சொன்னேன். "சரிலே, சரிலே" என்றாள் அடுப்பை ஊதிக்கொண்டே.

பரீட்சை நெருங்கியது. ரயிலில் பட்டாளத்துக்காரர்களுக்கே இடம் போதாத காலம். டிக்கெட்டுக்காக ஒரு பகல் முழுக்க ஸ்டேஷனில் கால்கடுக்க நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். மாமா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் என் பலகை. மாமா தோணி கட்டும் தச்சர். பழுதான இடத்தை வெட்டி எடுத்து, புதுத் துண்டு இறக்கி, சொட்டுத் தண்ணீர் நுழையாமல் பொருத்துவது அவருக்கு வெற்றிலை போடுகிற மாதிரி. அதையே அப்பாவுக்கும் செய்து முடித்திருந்தார்! நெற்றிக்குப் போன இடது கையை வெட்டி எடுத்தாயிற்று. கயிறு பிடித்திருந்த வலது கையையும் எடுத்தாயிற்று. புதுத் துண்டு இறக்கி, இடது கையைக் கீழே தொங்கவிட்டு, வலது கையை நெற்றிக்குத் தூக்கி வைத்தாயிற்று. கயிறு யார் கையிலும் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன மாமா செஞ்சு வச்சிருக்கீங்க!"

"அக்கா அழுதா மருமவனே. பீச்சாங்கையால குருசு போட்டா அது பேய்க்குல்லா போய்ச் சேரும்? இங்கன தடவிப் பாரு, ஒட்டுப் போட்டது தெரியுதா?" என்றார். அந்த மனுஷருக்குப் பெருமை வேறு!

அம்மாவிடம் திரும்பினேன். "கண்ணாடி வச்சுக் காட்டுனேனேம்மா!"

"கண்ணாடியில தெரிஞ்சது கண்ணாடியோட போச்சு. ஏங் கண்ணு முன்னால அவரு எடது கையால்லா போட்டுக்கிட்டு நிக்காரு. எனக்குத் தூக்கம் வரலலே."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். வேதக்காரத் தெருவில் இருக்கிற கிறிஸ்தவர்கள் என்பதற்காக எங்களுக்கு மட்டும் விதிவிலக்கா? தொண்டை கிழியக் கத்தினேன். "என்னய மூட்ட எண்ண அனுப்பத்தான ரெண்டு பேரும் சேந்து இப்படிச் செஞ்சிய!" என்றேன். சோற்றுத் தட்டைத் தள்ளினேன். "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்று சொல்லிவிட்டு மாமா உளியைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனார். அம்மா சிந்திய சோற்றைக் கூட்டி அள்ளினாள்.

வேறு பலகை செதுக்க ஏது நேரம்? அதையே சுமந்துகொண்டு போனேன். மை தடவி அழுத்தினேன். காகிதத்தில் அப்பா இடது கையால் குருசு போட்டுக்கொண்டு நின்றார். பரீட்சைக்கு வந்திருந்த துரை படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். யாரும் பிடிக்காத கயிறாம், மாறிப்போன கையாம், சாவின் முன்னால் மனிதனின் நம்பிக்கையே புரண்டுபோகிறதாம். என்ன துணிச்சல், என்ன கற்பனை என்று இங்கிலீஷில் பொழிந்து தள்ளினார். நான் கண் நோக, விரல் நோகச் செதுக்கிய முகத்தையும் அலையையும் பற்றி ஒரு சொல் உண்டா? கிடையாது. மாமா போட்ட ஒட்டுக்கு எனக்கு முதல் வகுப்பு! கூட இருந்தவர்கள் கையைக் குலுக்கினார்கள். கண்காட்சிக்கு வைக்க இன்னும் சில பிரதிகள் எடுத்து அனுப்பு என்றார் வாத்தியார்.

படத்தையும் பலகையையும் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். ஆத்திரம் ஆறவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் படத்தை அம்மா முன்னால் விரித்தேன். "பாத்துக்கோ. நீ வலதுன்னு மாத்துன கை எங்கன இருக்கு பாரு. நான் சொன்னப்ப கேட்டியா?"

அம்மா படத்தைப் பார்த்தாள். பலகையை வாங்கிப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. படத்தைச் சுருட்டி என் கையிலேயே கொடுத்துவிட்டாள். தேங்காய் எண்ணெயும் பழந்துணியும் எடுத்து வந்து, அப்பாவின் முகத்தில் ஒட்டியிருந்த மையைத் துடைக்க உட்கார்ந்தாள். துடைத்து முடித்ததும் பலகையை மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தாள்.

"அது வேணும்மா. இன்னும் படம் எடுத்து அனுப்பணும்."

"தர மாட்டேன்."

"அது என் பலகை! நான் செதுக்குனது!"

"நீதாம்லே செதுக்குன, யாரு இல்லன்னா?" என்றாள். குரல் உயரவே இல்லை. "பலகையில அவரு சரியா நிக்காரு. நீ அழுத்துத ஒவ்வொரு தடவையும் எடது கையால குருசு போட்டுக்கிட்டுல்லா கடல்ல குதிக்காரு? ஒரு தடவ போனது போதும்லே."

கோபம் எனக்குப் போகவில்லை, இப்போதும் போகவில்லை. வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு உள்ளே போய், பலகை ரயிலில் உடைந்துவிட்டது என்று வாத்தியாருக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன்.