ராசாவுக்கு நிறுத்தப்பிடாது

அறுபதுகளின் கடைசியில், பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் சங்கத்துப் படிப்பறையில் மாலை வேளைகளில் மனு எழுதிக் கொடுப்பேன். தாராவித் தோல் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர் அங்கே வந்தார். தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று அவர் கால்விரல்கள் வெந்து போயிருந்தன. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. தன் மேல் தோல் வாடை வீசும் என்று ஜன்னலோரமாகவே நின்றார்.

உடம்பு முடியாமல் போனாலும் சாகும்வரை சோறு போடுவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தாராம். அவர் இறந்ததும் மகன்கள் இவரை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

"எழுத்துல ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன்.

"வாயால சொன்னதுதான் சார். வீட்டுல அவ மூணு நாளா கஞ்சித்தண்ணிதான் குடிக்கா. எப்படியாவது எழுதுங்க" என்று கும்பிட்டார்.

சமஸ்தானங்களை நாட்டோடு சேர்த்துவிட்ட பழைய மன்னர்களுக்கு அரசு தரும் மானியத்தை நிறுத்த வேண்டும் என்ற பேச்சு அன்றைய செய்தித்தாளில் வந்திருந்தது. அவரைத் தேற்ற நினைத்து, "பாருங்கோ, சும்மா இருக்கற ராஜாக்களுக்கே இனிமே கிடையாதாம்" என்றேன்.

அவர் பதறிப் போனார். "நாட்ட வாங்கும்போது தாறோம்னு சொல்லித்தான வாங்குனாவ? நிறுத்தப்பிடாது சார். ராசாவுக்குச் சொன்ன சொல்லே நிக்கலன்னா, நான் எங்க போயி கேப்பேன்?"

மனுவை எழுதிக் கொடுத்தேன். அதனால் பயனில்லை என்று இருவருக்குமே தெரிந்திருந்தது. அந்த மானியத்தை ஒழிக்க வேண்டும் என்று அதுவரை கூட்டங்களில் பேசி வந்தவன் நான். அதற்குப் பிறகு என்னால் அதைப் பேச முடியவில்லை. அவர் சொன்னது சரிதானா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.