துபாய்க்கு நாலு மணி நேரம்

பீங்கான் பொம்மைகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்த செல்வி சொன்னாள்: "எங்க வீட்டுக்காரரு நாளைக்கு துபாய் கெளம்புறாருக்கா. பிளேன்ல நாலு மணி நேரந்தானாம்."

வைக்கோல் வாசனை மூக்கில் ஏறியது. அப்பா சட்டையின் வாசனை அது.

அப்பாவுக்கும் பொம்மைக் கம்பெனியில்தான் வேலை. பொம்மை லாரியோடு மெட்ராஸ் போவார். போக ஆறு மணி நேரம். மறுநாள் வந்துவிடுவார். மாசி மகத்துக்கு மட்டும் எங்கும் போகமாட்டார். என்னைத் தோளில் தூக்கி வைத்துத் தேர் காட்டுவார்.

எனக்கு ஏழு வயதில் அவர் துபாய் போனார். "எவ்ளோ தூரம்ப்பா?" என்று கேட்டேன்.

"நாலு மணி நேரந்தாம்மா."

அப்படியானால் மெட்ராஸைவிடக் கிட்ட என்று நானும் அம்மாவும் நினைத்துக்கொண்டோம்.

தேரன்று அம்மா வடை சுட்டு வைத்துவிட்டு என்னை பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனாள். மெட்ராஸ் பஸ் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பக்கத்து வீட்டு மாமா சிரித்தார். "என்னம்மா, துபாய் பஸ்ஸுக்கா நிக்கிற?"

"சும்மா இருங்க மாமா. ஆறு மணி நேரம் போனவரே மறுநாள் வந்தாரு," என்றாள் அம்மா.

அப்பா வரவில்லை. தேர் வந்தபோது எனக்கு முன்னால் நின்றவர்களின் முதுகுதான் தெரிந்தது.

மூன்று வருடம் கழித்து வந்தார். "நாலு மணி நேரம்னியேப்பா?" என்றேன்.

"ஆமாம்மா, நாலு மணி நேரந்தான் ஆச்சு," என்றார். என்னைத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

"கிட்டதானக்கா?" என்றாள் செல்வி. அவளுக்குச் சின்ன மகள் இருக்கிறாள்.

"பாப்பாகிட்ட மட்டும் நாலு மணி நேரம்னு சொல்லாத," என்றேன்.