இருபத்தாறு கையெழுத்துகள்

கட்டுரை முடிந்துவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்தபோதுதான் அந்தக் கடிதம் வந்தது. வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றின் ஆசிரியர் மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார். கட்டுரை அவர்களுக்குப் பிடித்திருக்கிறதாம். திருத்தி அனுப்பும்போது, நான் பேட்டி கண்ட இருபத்தாறு பேரும் கையெழுத்திட்ட சம்மதப் படிவங்களின் பிரதிகளையும் இணைக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் பிரசுரிக்க வழியில்லையாம்.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளர். இந்த ஒரு கட்டுரை வெளிவந்தால் நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்கலாம். வராவிட்டால் ஆறு மாதத்தில் மூட்டை கட்ட வேண்டியதுதான். கொழும்பு வெள்ளவத்தையில், ரயில் போகும்போதெல்லாம் யன்னல் கண்ணாடி அதிரும் ஒரு வாடகை அறையில் இருந்தேன். அதே ஒழுங்கையில் இருந்த லொட்ஜ்களில், போர் நடந்த வடக்கிலிருந்து வந்து விசாவுக்கும் வெளிநாட்டுக் கடிதத்துக்கும் மாதக்கணக்காகக் காத்துக் கிடந்தவர்களைப் பற்றித்தான் கட்டுரை.

படிவம் நான் தயாரிக்காமலில்லை. பேட்டி தொடங்கிய நாளில் நல்ல பிள்ளையாகத் தட்டச்சு செய்து கொண்டுதான் போனேன். பெயர், அடையாள அட்டை இலக்கம், நிரந்தர முகவரி, கையெழுத்து. லொட்ஜின் இரண்டாம் மாடியில் அதை எடுத்து நீட்டியதும் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அறைக்கு அறை கதவு திறந்தது. அடையாள அட்டையும், கொழும்பில் தங்குவதற்குப் பொலிஸ் கொடுத்த பதிவுத் துண்டுமாக எல்லோரும் வெளியே வந்து, நான் சொல்லாமலே வரிசையில் நின்றார்கள். ஒரு முதியவர் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டார். எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. என்னையும் பதிவெடுக்க வந்தவள் என்றல்லவா நினைத்துவிட்டார்கள்! ஏதோ சாட்டுச் சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். அறைக்கு வந்து படிவங்களைக் கிழித்துப் போட்டேன்.

மறுநாள் வெறுங்கையோடு போய் விஷயத்தைச் சொன்னேன். இப்போது விசாரணை அவர்களுடையது.

“எந்த ஊர் பிள்ளை நீர்? ஆரின்ர மகள்? இதை எழுதி உமக்கு என்ன கிடைக்கும்? எங்கட பேர் வருமோ?”

எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிய பிறகுதான் கட்டிலில் துணிகளை ஒதுக்கி உட்காரச் சொன்னார்கள். என் பதில் பிடிக்காத இரண்டு பேர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். மற்றவர்கள் பேசினார்கள். இதைவிட நல்ல சம்மதம் எந்த ஊரில் கிடைக்கும் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

கடிதத்தை எங்கள் பேராசிரியரிடம் காட்டினேன்.

“இதுக்கே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிக்கிறீர்? நாலைஞ்சு பேனை வாங்கும். நீரே இருந்து வைச்சு விடும். அவங்கள் என்ன, வெள்ளவத்தைக்கு வந்து பாக்கப் போறாங்களே?”

“பொய்க் கையெழுத்தோ சேர்?”

“உமக்கு வேலை வேணுமோ வேண்டாமோ?”

அவர் கெட்டவர் அல்லர். என் மேல் உண்மையான அக்கறையில்தான் சொன்னார். அதுதான் எனக்குக் கூடுதலாக எரிந்தது. ஊரெல்லாம் இந்த லொட்ஜ்காரர்களுடைய பெயரில் எதையெதையோ எழுதி வைத்திருக்க, நானும் என் பங்குக்கு எழுத வேண்டுமா?

அந்தக் கோபத்தோடு நேரே லொட்ஜுக்குப் போனேன். அங்கே ஓர் அக்கா இருந்தார். மற்றவர்கள் விசாவுக்குக் காத்திருந்தார்கள். அவர் சிறையிலிருந்த கணவருக்காகக் காத்திருந்தார். “என்ர மனிசன் பொலிஸ்காரர் சிங்களத்தில எழுதின பேப்பரில கையெழுத்து வைச்சவர். அதில என்ன கிடந்ததெண்டு அவருக்கு இண்டைக்கும் தெரியாது” என்று பேட்டியில் சொன்னவர் அவர்தான். அவரிடம் ஆய்விதழையும் பேராசிரியரையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தேன்.

மீன் கழுவிக்கொண்டிருந்தவர் எழுந்து சட்டையில் கையைத் துடைத்தார்.

“இவ்வளவுதானே? கொண்டாரும், நான் வைக்கிறன். மற்ற அறையளுக்கும் நான் சொல்லிறன். உம்மட வேலை போகக்கூடாது.”

கை நீட்டியபடி நின்றார். படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூட அவர் கேட்கவில்லை.

“வேண்டாம் அக்கா.”

“ஏன், என்னில நம்பிக்கையில்லையோ?”

“அந்தப் பேப்பர் என்ர பையில இருக்கேக்க ஆமி என்னைச் செக் பொயின்ரில மறிச்சால், இருபத்தாறு பேரின்ர பேரும் இலக்கமும் அவங்கட கையில.”

அவர் நீட்டிய கையை இறக்கினார். “அப்ப உம்மட வேலை?” என்றார்.

“போனால் போகட்டும்.”

சொல்லும்போது வீரமாகத்தான் இருந்தது. ஒழுங்கைக்கு இறங்கியதும் அடுத்த மாத வாடகையைக் கணக்குப் பார்த்தேன்.

அந்த வாரமே காலி வீதியில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வாடகைக் கணினிக்கு முன் இருந்து, முறையியல் பகுதியில் ஒரு புதிய பந்தியைச் சேர்த்தேன். படிவத்தோடு போனது, வரிசையில் நின்றது, கிழித்தது, அவர்கள் என்னை விசாரித்தது, எதையும் மறைக்கவில்லை. ஆய்விதழின் விதிப்படி இரட்டை இடைவெளியில் மூன்று பிரதி எடுத்து, என் முழுப் பெயரும் முகவரியும் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அனுப்புவதற்கு முன் அதை வாசித்த பேராசிரியர், “உமக்குத் தலைக்கனம்” என்றார். ஓம், இருந்தது.

கட்டுரை திரும்பி வந்தது. ஆறு மாதத்தில் வேலையும் போனது. வெள்ளவத்தையில் ட்யூஷன் வகுப்பு எடுத்துக்கொண்டு இன்னும் மூன்று இதழ்களுக்கு அனுப்பினேன். அந்தப் பந்தியை எடுத்தால் போடுகிறோம் என்று ஒருவர் எழுதினார். எடுக்க மாட்டேன் என்று அன்றைக்கே பதில் போட்டேன். கடைசியில் அதை அப்படியே பிரசுரித்தது, அதிகம் பேர் வாசிக்காத ஒரு சிறிய இதழ். ஆங்கிலத்தில் எழுதிய அந்தப் பந்தியின் முடிவு தமிழில் இப்படி வரும்:

“கேட்டால் இவர்கள் கையெழுத்து வைப்பார்கள். யார் கேட்டாலும் வைப்பார்கள். அதனால்தான் நான் கேட்பதை நிறுத்தினேன்.”