மூணு மிஷின் பொன்மணி

மதியம் இரண்டரை மணிக்குப் பொன்மணி கால் மணி நேரம் தூங்குவாள். பாய் விரிப்பதில்லை. வெட்டி அடுக்கிய நைட்டித் துணிதான் படுக்கை. நீலப்பூ, மஞ்சள்பூ, ஊரில் எங்கும் பூக்காத ஊதாப்பூ எல்லாம் அவள் கன்னத்துக்கு அடியில் கசங்கும். எழுந்து தடவிவிட்டு, அதே துணியைத் தைக்க உட்காருவாள்.

தளவாய்புரத்தில் பாதி வீடுகளில் நைட்டி தைக்கிறார்கள். பொன்மணிக்கு வயது நாற்பத்து மூன்று. இருபது வருடத்தில் எத்தனை ஆயிரம் தைத்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. அவற்றைப் போட்டுக்கொண்டு தூங்கும் பெண்களை அவ்வப்போது நினைத்துக்கொள்வாள். முகம் தெரியாத ஊர்களில், ஓடும் மின்விசிறிக்குக் கீழே, அவள் மடித்துத் தைத்த கழுத்துப்பட்டிக்குள் யாரோ மூச்சு விடுகிறார்கள். யோசித்தால் வேடிக்கையாக இருக்கும்.

அந்தக் கால் மணி நேரத் தூக்கத்தில் ஒரே கனவு திரும்பத் திரும்ப வரும். கோயில் மைக்கில் பெயர்களை வாசிக்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் எழுந்து போகிறார். அடுத்தது அவள் பெயர். அந்த இடத்தில் கரண்ட் போய்விடும்.

கனவுக்குக் காரணம் உண்டு. அவர்கள் தெரு அம்மனுக்குப் பங்குனியில் பொங்கல். செலவுக்குத் தலைக்கட்டு வரி. கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. எல்லாத் தலைக்கட்டுக்கும் ஒரே தொகை. கடைசி நாள் மாலை, வரி கொடுத்தவர் பெயரை மைக்கில் வாசிப்பார்கள். எழுந்து போய் அம்மனுக்கு உடைத்த தேங்காயில் ஒரு மூடியை வாங்கிக்கொள்ள வேண்டும். பொன்மணியின் கணவர் சமுத்திரம் இருந்தவரை அவர் போய் வாங்கினார். ஒன்பது வருடத்துக்கு முன் அவர் மஞ்சள் காமாலையில் இறந்தார். மகன் இல்லை, ஒரே மகளைச் சிவகாசியில் கட்டிக்கொடுத்தாயிற்று. ஆண் இல்லாத வீடு தலைக்கட்டு ஆகாது. வரி தள்ளுபடி. தேங்காய் மூடி மட்டும் மறுநாள் ஒரு பையில் வாசலுக்கு வந்துவிடும்.

இரக்கத்தில் செய்ததுதான். ஆனால் வரி இல்லாதவருக்குப் பெயரும் இல்லை, தெருக்கூட்டத்தில் பேச்சும் இல்லை. அந்தத் தேங்காயைப் பொன்மணி ஒரு வருடமும் சட்னிக்கு அரைத்ததில்லை. ஆட்டுக்குப் போட்டுவிடுவாள்.

இந்த வருடம் கோயில் முன்மண்டபத்தின் தகரத்தை எடுத்துவிட்டு காங்கிரீட் போட முடிவானது. போன வருடம் இரண்டாயிரமாக இருந்த வரி ஐயாயிரம் ஆயிற்று. செய்தியைக் கொண்டுவந்தவன் சமுத்திரத்தின் தம்பி வேலுசாமி. லாரி செட்டில் துணிப் பண்டல் ஏற்றுகிறவன்.

"அஞ்சாயிரம், மதினி. நாப்பது மிஷின் வச்சிருக்க காசிராஜன் அண்ணாச்சிக்கும் அஞ்சாயிரம். முதுகை மட்டும் வச்சிருக்க எனக்கும் அஞ்சாயிரம்."

"கூட்டத்துல கேக்க வேண்டியதுதான?"

"கேட்டா, சாமி முன்னால எல்லாரும் ஒண்ணும்பாவ. ஒண்ணுதான். மளிகைக் கடைக்காரன் முன்னாலதான் வேற வேறயா இருக்கோம்."

மறுநாள் பொன்மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை. எட்வின் ஜவுளிக்கடைக்கு நான்கு டஜன் நைட்டி கொடுக்க வேண்டும். மகளிர் இலவச டவுன் பஸ்ஸில் ராஜபாளையம், அங்கிருந்து இன்னொரு பஸ். மேற்கே மலை, வெயிலில் கரைந்து, துவைத்துத் துவைத்து வெளுத்த துணிபோலக் கூடவே வந்தது. கையில் இருந்த கட்டணமில்லாச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதற்கு யாரோ எங்கோ காசு கொடுத்திருக்கிறார்கள் என்ற யோசனை அன்றைக்குத்தான் வந்தது.

எட்வின் சரக்கை எண்ணி வைத்துவிட்டு டீ சொன்னார். அவளைவிட ஐந்து வயது இளையவர், வாய் ஓயாது.

"தம்பி, உங்க கோயில்ல வரி எப்படி?" என்றாள் பொன்மணி.

"பத்துல ஒண்ணு, அக்கா. ஆயிரம் சம்பாதிச்சா நூறு. லட்சம் சம்பாதிச்சா பத்தாயிரம்."

"அது நல்லாருக்கே."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அவியவிய பத்துல ஒண்ணு எம்புட்டுன்னு அவியவிய மனசுக்குத்தான் தெரியும். எங்க சபையில பாதிப் பேருக்கு வருசா வருசம் யாவாரம் நஷ்டம். கார் மட்டும் புதுசு." அவரே முதலில் சிரித்தார். பிறகு மேசையில் கிடந்த அச்சடித்த பில்லைக் காட்டினார். "இந்தா, கவர்மெண்டு வரி. இதுல ஏமாத்து கம்மி. விலையோட சேந்தே போயிரும். ஒரு நைட்டிய நீ வாங்குனாலும் மில் ஓனர் சம்சாரம் வாங்குனாலும் ஒரே வரி."

"அப்ப நானும் கட்டுதேனா?"

"சோப்புக்குக் கட்டுதே, பேஸ்ட்டுக்குக் கட்டுதே, நூல்கண்டுக்குக் கட்டுதே. என்னக்கா, உனக்குத் தெரியாதா?"

தெரியும். ஆனால் அதை வரி என்று நினைத்ததில்லை. விலை என்றே நினைத்திருந்தாள். வீட்டு வரி ரசீதும் அவள் பெயரில்தான் வருகிறது. மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத்தொகை அவள் கணக்கில் ஏறுகிறது. வாங்குகிற இடத்திலும் பொன்மணி, கொடுக்கிற இடத்திலும் பொன்மணி. தன் தெருவில் மட்டும் இறந்துபோன சமுத்திரம் வீடு. திரும்பும் பஸ்ஸில் அவள் தூங்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மண்டபத்தில் கூட்டம். கோயில் பொறுப்பு காசிராஜனிடம். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் எப்போதும் துணி அளக்கும் ஒரு இஞ்சி டேப். பெண்கள் தூண் ஓரமாக நிற்பது வழக்கம். பொன்மணி தூணைவிட்டு இரண்டடி முன்னால் வந்தாள்.

"அண்ணாச்சி, எனக்கும் வரி போடுங்க."

காசிராஜனுக்குப் புரியவில்லை. "ஏட்டி, உனக்குத்தான் தள்ளுபடி ஆச்சே. யாரும் வந்து கேட்டாவளா?"

"யாரும் கேக்கலங்கறதுதான் வருத்தம். கட்டுதேன். பேரை வாசிங்க."

முன்வரிசையில் ஒருவர், "சலுகைய வேண்டாங்கிற மொத ஆளு நீதாம்மா" என்றார். சிரிப்பு எழுந்தது. பொன்மணியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே அடுத்ததையும் சொல்லிவிட்டாள்.

"தலைய எண்ணாதீங்க, அண்ணாச்சி. தலைக்கு இரண்டாயிரம் பழையபடி இருக்கட்டும். மிச்சத்துக்கு மிஷினை எண்ணுங்க."

இப்போது சிரிப்பு இல்லை. காசிராஜன் நிதானமாகத்தான் பேசினார். "நாப்பது மிஷின்ல நாப்பது குடும்பம் சாப்பிடுது. மிஷின் மேல வரி போட்டா, நாளைக்கு எவன் புது மிஷின் வாங்குவான்? நான் சங்கரன்கோவில் பக்கம் தையல் செட்டை மாத்திட்டா, இந்தத் தெருவுக்கு என்ன மிஞ்சும்? அதுவும் போக, நாப்பதுல பதினெட்டு பேங்குக் கடன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பொன்மணி அண்ணாந்து தகரத்தைப் பார்த்தாள். ஓட்டைகள் வழியே வெயில் காசு காசாக விழுந்து, தரையில் நகர்ந்துகொண்டிருந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ஐப்பசி மழையில இந்த மண்டபத்துல யாரு பண்டலை அடுக்குதாவ, அண்ணாச்சி?"

கூட்டம் காசிராஜனைத் திரும்பிப் பார்த்தது. ஐப்பசி முழுக்க அங்கே இருப்பது காசிராஜனின் பண்டல்கள்தான். அம்மனைச் சுற்றிக் கும்பிடுகிறவர்கள் அவற்றைச் சுற்றிக்கொண்டு போவார்கள்.

"போன மழையில ஒழுகி, எம்பது பண்டல் நனைஞ்சுச்சு. நாந்தான தூக்கி வச்சேன்?" என்றான் வேலுசாமி. "எனக்கு இந்தக் கூரை நாலு நாள் சாமி கும்பிடத்தான். உங்களுக்கு அது குடோன்."

காசிராஜன் இஞ்சி டேப்பை இழுத்தார், விட்டார். "சரிலே. மிஷினுக்கு எண்ணூறு, கடன் மிஷினுக்குப் பாதி. சம்மதமா?" எல்லாரும் தலையாட்டினார்கள். அவர் பொன்மணியைப் பார்த்து விரலை நீட்டினார். "ஆனா வீடு வீடா எண்ணப் போறது நீதான். பேரு வேணும்னா வேலையும் பாரு. எவன் எவன் எப்படிப் பொய் சொல்லுவான்னு உனக்கும் தெரியட்டும். ஒரு வீட்டுல கணக்கு பிசகுனாலும் தலைக்கு அஞ்சாயிரம்தான், உனக்குப் பேரும் கிடையாது."

மூன்று நாள் எண்ணினாள். மதிய வெயிலில் தெரு ஒரு நீண்ட உறக்கம்போல இருந்தது. வழக்கமாகத் தடதடவென்று கேட்கும் தையல் சத்தம் அவள் நுழைந்த சந்துகளில் அடங்கிப்போனது.

காசிராஜன் செட்டில் சொன்னது நாற்பது, இருந்ததும் நாற்பது. கடன் பத்திரங்களை அவரே எடுத்து வைத்திருந்தார். பொய் இருந்தது சின்ன வீடுகளில். கட்டிலுக்கு அடியில் ஒரு மிஷின், குளியலறையில் ஒன்று, நெல்மூட்டைக்குப் பின்னால் ஒன்று. மூடிவைக்க வேறு என்ன கிடைக்கும்? ஒவ்வொன்றுக்கும் ஒரு நைட்டி மாட்டியிருந்தார்கள். பூப்போட்ட நைட்டி அணிந்து, கழுத்தில் லேஸ் தொங்க, மிஷின்கள் இருட்டில் குனிந்து உட்கார்ந்திருந்தன. பொன்மணிக்கு, தான் தைத்ததைப் போட்டுத் தூங்கும் அந்த முகம் தெரியாத பெண்களையே நேரில் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது.

அவள் எந்தத் துணியையும் விலக்கவில்லை. பிச்சையம்மாள் வீட்டில் கட்டில் ஓரம் குனிந்து பார்த்து, "இது யாரு, விருந்தாளியா?" என்றாள்.

"ஆமா," என்றாள் பிச்சையம்மாள், சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு.

"தூங்கட்டும். எந்திரிச்ச பொறவு எழுதிக்கிடுதேன். செத்த தண்ணி குடு."

தண்ணீர் குடித்தாள். மகள் பேச்சு, மாவு மில் பேச்சு. கால் மணி நேரம் ஆனது. பிச்சையம்மாளே நைட்டியை உருவினாள். "எழுதிக்கோட்டி. ஆனா சத்தியமாச் சொல்லு, இந்த லிஸ்ட் ஜிஎஸ்டி ஆபீஸுக்குப் போயிராதே?"

அப்போதுதான் பொன்மணிக்கு விளங்கியது. அவர்கள் எண்ணூறு ரூபாய்க்காக ஒளிக்கவில்லை. எண்ணப்படுவதற்கே பயந்தார்கள். அவளோ எண்ணப்பட ஒன்பது வருடம் காத்திருந்தவள். "போகாது. மண்டபச் சுவர்ல ஒட்டுவோம். யாரு எம்புட்டுன்னு எல்லாரும் பாப்பாவ," என்றாள். காசிராஜனின் முப்பத்தொரு மிஷின் கணக்கும், அதாவது இருபத்திரண்டும் பதினெட்டில் பாதியும், அதே தாளில் இருக்கும் என்று அவள் சொன்னதும், அடுத்தடுத்த வீடுகளில் நைட்டிகள் தாமாகவே கழன்றன.

கடைசி வீடு அவளுடையது. இரண்டு மிஷின் என்று எழுதப் போனாள். பேனா நின்றது. கட்டிலுக்கு அடியில், பழைய போர்வைக்குள், சமுத்திரத்தின் மிஷின் இருந்தது. ஒளித்து வைத்ததல்ல; எடுக்காமல் விட்டது. ஒன்பது வருடமாக ஓடாத மிஷினுக்கு வரி உண்டா? யாரும் கேட்கப்போவதில்லை. துருப்பிடித்தது என்று விட்டுவிட்டால் குற்றமும் இல்லை.

இழுத்து வெளியே வைத்தாள். எண்ணெய் விட்டாள். பெல்ட் மாற்றி, ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து மிதித்தாள். முதலில் முனகியது. பிறகு ஓடியது. நான்கு தையலுக்கு ஒருமுறை லேசாகத் தட்டும் அந்தச் சத்தம் அப்படியே இருந்தது. மதியம் முழுக்கச் சும்மா தைத்துக்கொண்டிருந்தாள். ஊதாப்பூத் துணியில் கோணலாக ஒரு நீளக்கோடு, வேறொன்றுமில்லை. வெயில் இறங்கிய பிறகு தாளில் மூன்று என்று எழுதினாள்.

பொங்கல் கடைசி நாள் மாலை மைக் வேலுசாமியிடம். பண்டல் தூக்குகிறவனுக்குக் குரல் பெரிது. பெயர்களைத் தகப்பன் பெயரோடு சேர்த்து, இன்னார் மகன் இன்னார் என்று வாசிப்பதுதான் முறை. பட்டியலில் அவள் பெயருக்கு முந்தைய பெயரை வாசித்ததும் அவன் மைக்கைக் கையால் பொத்தினான்.

"மதினி, உனக்கு யாரு பேரைச் சேத்து வாசிக்க? உங்க அய்யா பேரா, எங்க அண்ணன் பேரா?"

பொன்மணி மேலே பார்த்தாள். சீரியல் பல்புகள் எரிந்துகொண்டிருந்தன. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"மிஷினைச் சேத்து வாசி," என்றாள்.

"பொன்மணி, மூணு மிஷின்!"

காசிராஜன்தான் தேங்காய் மூடியை நீட்டினார். "இதையாவது ஆட்டுக்குப் போடாத," என்றார் மெல்ல. அவருக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு, தன் இடத்துக்குத் திரும்பி நடந்தாள். அடுத்த பெயர் வாசிக்கப்பட்டது. மறுநாள் காலை, ஒன்பது வருடத்துக்குப் பிறகு, வீட்டில் அம்மன் தேங்காய்ச் சட்னி.