ஈயம் போன குண்டான்

எங்கள் தீவு நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, ரராவாய் என்ற எங்கள் ஊரிலிருந்து நாங்கள் ஆக்லாந்துக்குக் குடிபெயர்ந்தோம். மகன் முன்பே அங்கே போயிருந்தான். நான் சாமான்களோடு முதலில் போவது, மனைவி ஊரில் தங்கி, லவுத்தோக்கா நகரத்தில் தன் அக்காள் மகள் கல்யாணத்தை முடித்துவிட்டு வருவது என்று ஏற்பாடு.

அப்போது ஊரெல்லாம் ஒரே பேச்சு. நியூசிலாந்து விமான நிலையத்தில் ஒரு துளி அழுக்கு இருந்தாலும் பொருளைப் பிடுங்கிக்கொள்வார்களாம். துப்பாக்கிக்காரர்களைக் கண்டு பயப்படாதவர்கள்கூட அந்த அதிகாரிகளை நினைத்து நடுங்கினார்கள். புறப்படுகிற வீட்டிலெல்லாம் குழாயடியில் பித்தளை விளக்கும் சத்தம்தான்.

எங்களுக்கு ஒரு குத்துவிளக்கு, இரண்டு செம்பு, ஒரு தாம்பாளம். அப்புறம் அந்தக் குண்டான். மாமியார் என் மனைவிக்குக் கொடுத்தது. ரசம் அதில்தான் கொதிக்கும். உள்ளே வெள்ளீயம் பூசியிருந்ததால் புளி பித்தளையில் படாது, களிம்பு ஏறாது.

லவுத்தோக்கா பஸ் ஏறும்போது அவள் சொன்னாள்: "குண்டானுக்கு வெளிய மட்டும் தேய்ங்க. உள்ளாற கை வைக்காதீங்க."

"கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கே பாடமா?"

"வாத்தியாருங்கறதாலதான் சொல்றேன்."

புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். பல வருஷக் கறுப்பு கரைந்து எல்லாம் பொன்னாக மின்னின. குண்டானின் உட்புறம் மட்டும் சாம்பல் நிறத்தில், திட்டுத்திட்டாக, அழுக்காகவே தெரிந்தது. ஏதோ ஒரு வெள்ளைக்காரரின் விரல் அதைத் தடவிப் பார்ப்பதாகக் கற்பனை ஓடியது. செங்கல் தூளை எடுத்தேன். ஓர் ஓரத்தில் மஞ்சள் எட்டிப் பார்த்தது. அந்த ஓரத்துக்கு ஏற்ப மற்ற இடத்தையும் தேய்த்தேன். சாம்பல் தண்ணீர் சாக்கடையில் ஓடியபோதுதான், பித்தளைக்கு ஈயப் பூச்சு எதற்கென்று வகுப்பில் நான் நடத்திய பாடம் எனக்கே நினைவு வந்தது. மறுபடி ஈயம் பூசலாமென்றால், பூசுகிறவர் எங்களுக்கு முன்பே கனடா போய்விட்டார்.

ஆக்லாந்தில் அதிகாரி குண்டானைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாங்காய் ஊறுகாயைப் பற்றித்தான் அவருக்குக் கவலை.

மனைவி வந்து இறங்கிய அன்றே குண்டானைத் தூக்கிப் பார்த்தாள். "என்னங்க இது?"

"ஏர்போர்ட்டுல அவங்க உள்ள கொண்டுபோய்க் கழுவிக் குடுத்தாங்க" என்றேன். எப்படி அவ்வளவு சரளமாக வந்ததோ!

அவள் நம்பினாள். போகிற வீட்டிலெல்லாம் சொன்னாள்: "பட்டாளத்தான் நாம போட்ட ஓட்டை எடுத்துக்கினான். இந்த ஏர்போர்ட்காரன் என் ஈயத்தை எடுத்துக்கினான்!" எல்லோரும் 'ஆமாம்' என்றார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து 'ஆமாம்' என்றேன். அலுமினியச் சட்டியில் வைத்த ரசத்தை அவள் ஒரு வாய் குடித்துவிட்டு நகர்த்திவைப்பாள்.

கொஞ்ச நாளில் அவள் அக்காளும் நாட்டை விட்டு வந்தாள். அழைத்துவர நாங்கள் விமான நிலையம் போனபோது, என் மனைவி மடியில் துண்டு சுற்றிய குண்டான்.

"இன்னிக்கு அந்த ஆபீசர் மூஞ்சிக்கு நேரா காட்டறேன். பையன் இங்கிலீஷ்ல கேட்கட்டும்."

அதிகாரியிடம் பேசுவதற்காகவே மகன் டை கட்டியிருந்தான். வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தான். இனி வழியில்லை. மனைவியைத் தடுத்தேன்.

"இறங்காதே. அவங்க கழுவலை. நான்தான்."

"கா பயா, அப்பா?" என்ன ஆயிற்று என்று மகன் எங்கள் தீவு இந்தியில் கேட்டான். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. குண்டானுக்குள் கையை விட்டு ஒரு தடவை தடவினாள்.

"செங்கல் தூளா?"

"ம்."

"அந்த மனுசனை எத்தினி வீட்டுல திட்டினேன்! நீங்க பக்கத்துல உட்காந்துகினு ஆமா போட்டீங்களே!"

ஈயம் போனது என் அவசரம் என்று சொல்லித் தப்பிக்கலாம். அந்த ஆமாவுக்கு இன்றுவரை ஒரு சாக்கும் கிடைக்கவில்லை.

தண்டனையை அவளே சொன்னாள். எந்தெந்த வீட்டில் திட்டினாளோ, அந்த வீட்டுக்கெல்லாம் குண்டானைச் சுமந்துபோய் நானே உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னேன். எல்லா வீட்டிலும் சாயா கொடுத்துச் சிரித்தார்கள்.

இப்போது ரசம் எவர்சில்வரில்தான். ஆனாலும் நல்ல நாளுக்குக் குண்டான் பளபளவென்று இருக்க வேண்டும். வெளிப்புறத்தை நான் தேய்க்கிறேன். உட்புறம் வந்ததும் அவள் கையை நீட்டுவாள். குண்டானைக் கொடுத்துவிடுவேன்.