மூடி போட்ட டப்பா

வயிற்றுப்போக்கைத் தடுக்கும் சொட்டு மருந்து போட்ட பிறகும் சில குழந்தைகளுக்கு ஏன் அது வருகிறது, எந்த வைரஸ் அந்த மருந்துக்குத் தப்பி நுழைகிறது என்று பார்க்கும் ஆராய்ச்சியில் நான் களப்பணியாளர். ஓசூர் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள லைன் வீடுகளில் ஏறி இறங்கி, குழந்தையின் மலத்தைச் சின்ன டப்பாவில் வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். சொன்னால் மூக்கைப் பொத்துகிறார்கள். பொத்தட்டும்.

அம்மாக்கள் பலர் எல்லாவற்றையும் கழுவி ஊற்றிவிட்டுத்தான் எனக்கு போன் செய்வார்கள். அந்த எரிச்சலில், சாமல்பட்டியிலிருந்து வந்து இங்கே கம்பெனி வேலைக்குப் போகும் ஒருத்தியிடம் கறாராகச் சொல்லிவைத்தேன்: "எனக்கு எடுத்துக் குடுக்காம எங்கயும் போயிடாதம்மா."

ஒரு நாள் காலை எட்டு மணிக்கு அழைத்தாள். பத்து மாதப் பையனுக்கு விடியலிலிருந்தே போகிறதாம். நான் வேப்பனப்பள்ளியில், ஊருக்குப் போயிருந்த வேறொரு குழந்தையின் வீட்டில் இருந்தேன். "எடுத்து வை, இதோ வந்துடறேன்" என்றேன். என்ன இதோ. பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நின்றேன். கிருஷ்ணகிரியில் மாறி ஏறினால் சூளகிரி தாண்டி நெரிசல். வழியில் ஒரு முறை அழைத்து, "மூடிய இறுக்கிப் போட்டியா?" என்று கேட்டேன். "போட்டுட்டேங்க்கா" என்றாள். பையன் எப்படி இருக்கிறான் என்று நான் கேட்கவில்லை. டப்பா கெட்டுவிடுமோ என்றுதான் தவித்துக்கொண்டிருந்தேன்.

போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. டப்பாவை ஈரத்துணியில் சுற்றித் தயாராக வைத்திருந்தாள். மடியில் கிடந்த பையனுக்குக் கண்கள் குழி விழுந்திருந்தன. அழுதான், கண்ணீர் வரவில்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டேன். மடிப்பு அப்படியே நின்றது. உடம்பில் நீரே இல்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போகலியா?"

"நீங்கதானக்கா எங்கயும் போவாதன்னீங்க. இதோ வரேன்னும் சொன்னீங்க. காத்தாலருந்து எட்டு தடவ போயிட்டான். தண்ணி குடுத்தா இன்னும் போவுமேன்னு அதையும் குடுக்கல."

திட்ட வாயெடுத்தேன். யாரைத் திட்டுவது?

ஐஸ் பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தோம். என் பையிலிருந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைத் தண்ணீர் பாட்டிலில் கரைத்து, அதன் மூடியாலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். பாதியைக் கக்கினான். மறுபடி புகட்டினேன். அரசு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்ற நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள். அவன் கத்தக்கூட இல்லை.

"மூத்திரம் போகட்டும், அப்புறம் சொல்றேன்" என்றார் டாக்டர். நானும் அவளும் மாறி மாறி அவன் துணியைத் தொட்டுப் பார்த்தோம். காய்ந்தே கிடந்தது. இவன் பிழைக்காவிட்டால் கொன்றது நான்தான் என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. மூன்று மணிக்கு மேல், என் மடியில் இருக்கும்போது, சுடச்சுட நனைத்தான். வாய்விட்டு அழுதுவிட்டேன்.

அவள் என் தோளைத் தொட்டாள். "அக்கா, அந்த டப்பா வூட்லயே கெடக்குது. வெக்கைல கெட்டுப் போயிருக்குமே. உங்கள வேலைல எதுனா சொல்லுவாங்களா?"

அவளை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை.